உடைக்கச் சொன்ன என்ஜின்

சம்மட்டி மேலே போய்விட்டது. அது கீழே இறங்குவதற்குள் என் வீட்டுக்காரர், "இரு! இருப்பா, இரு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். ஓடின வேகத்தில் ஒரு செருப்பு தகரக் குவியலில் மாட்டிக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு போய் அந்த என்ஜினின் மேல் கையை வைத்து மறித்தார். சம்மட்டிக்காரர் தடுமாறிப்போய்ப் பக்கத்து மண்ணில் அதைப் போட்டார். நான் நின்ற இடம் வரைக்கும் தரை அதிர்ந்தது.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் இருந்த பழைய இரும்புக் கடை அது. மஜீத் பாய் கடை என்று சொல்வார்கள். கடை என்றதும் கூரையும் கதவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சுற்றிலும் முள்வேலி, நடுவில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் தராசு, மிச்சமெல்லாம் குவியல். லாரியின் ஸ்பிரிங் பட்டை ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம், எதற்கு என்றே தெரியாத இரும்பு ஒரு பக்கம். வெயில் ஏறினால் துருவும் பழைய கிரீசும் காய்கிற வாசனை வரும். வாயில் காலணாவை வைத்துக்கொண்ட மாதிரி நாக்கு கசக்கும்.

நாங்கள் அன்றைக்கு என்ஜின் வாங்கப் போகவில்லை. ஒரு பல்சக்கரம் தேடிப் போயிருந்தோம்.

வலத்து மாடு

சீனச் சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். சரியான வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆவணி மாசம் என்பது மட்டும் நிச்சயம். ஆடியில் விட்ட நாற்று விரல் உயரம் வந்திருந்தது, வானத்தில் ஒரு துளி கறுப்பு இல்லை.

எங்கள் ஊர் தொண்டூர். கிணற்றிலிருந்து கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைப்போம். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுத்தால் தகரச் சால் நிறைந்து மேலே வரும். மாடு பின்னால் ஏறினால் சால் கீழே போகும். காலையிலிருந்து உச்சி வரைக்கும் இறங்குவதும் ஏறுவதும்தான். எங்கள் ஜோடியில் வலத்து மாடு ஒரு வெள்ளிக்கிழமை தீனி எடுக்கவில்லை. சனிக்கிழமை எழுந்திருக்கவில்லை. அதன் கண்ணை மூடிவிட்டு என் வீட்டுக்காரர் கொட்டகையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இடத்து மாடு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

நாற்றங்காலை நான் குடத்தில் மொண்டு ஊற்றிக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். தோள்பட்டை தோல் உரிந்துபோயிற்று. ஆனால் நாற்றைப் பிடுங்கி நட்ட பிறகு ஒரு காணி நிலத்துக்குக் குடம் ஆகுமா?

கல்யாணத்துக்கு முன்னால் இவர் திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூன்று வருஷம் என்ஜின் பார்த்தவர். அந்த யோசனையில்தான், ஒற்றை மாடு சுற்றி வந்தாலே தண்ணீர் ஏறுகிற மாதிரி பல்சக்கரம் வைத்து ஒன்று செய்துவிடலாம் என்று செஞ்சிக்குக் கிளம்பினார். நானும் கூட வந்தேன். இரும்புக் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவதில் அவருக்கு ஒரு லாபம் உண்டு. குவியலில் எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டு சாமான்கள்

என் கல்யாணத்தைப் பற்றி இங்கே எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "தொண்டூர் வீட்டில் என்னென்ன சாமான் இருந்தது?" என்று கேட்டிருந்தார். சொன்னால் சிரிப்பார்.

நெல் கொட்டி வைத்தது ரோடு போடுகிறவர்கள் விட்டுவிட்டுப் போன தார் பீப்பாயில். உள்ளே வைக்கோல் போட்டுக் கொளுத்தி, மணல் வைத்து நான்கு நாள் தேய்த்தும் முதல் வருஷம் சோற்றில் லேசாக ரோடு வாசனை வந்தது. அரிவாள், அரிவாள்மணை எல்லாம் லாரிப் பட்டையில் அடித்தவை. துணி காயப்போடுகிற கம்பி ஒரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து வந்தது. மேல்சித்தாமூரில் என் பிறந்த வீட்டில் எல்லாம் பித்தளையும் வெண்கலமும். வந்த புதிதில் இந்தத் துருப்பிடித்த வீட்டைப் பார்த்து அழுதிருக்கிறேன். பிறகு எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

எல்லாவற்றிலும் உசத்தி என் மாமியாரின் ஹாரன். பழைய பஸ்ஸின் பித்தளை ஹாரன், பின்னால் ரப்பர் உருண்டை வைத்தது. நாங்கள் ஜைனர்கள். கிளியை விரட்டக்கூட அத்தை கல்லை எடுக்க மாட்டார். கம்புக் கதிரில் கிளி இறங்கினால் வரப்பில் நின்று ஹாரனை அமுக்குவார். பாம்... பாம்... கிளிகள் பறந்துவிடும். ரோட்டில் போகிற சைக்கிள்காரர்கள் பயந்துபோய் ஓரம் கட்டுவார்கள்.

மஜீத் பாயிடம் ஒரு தடவை, "கோட்டையிலே பழைய இரும்பு ஒண்ணும் கெடைக்காதா பாய்?" என்று கேட்டேன். "அங்க இருக்கறது எல்லாம் கல்லும்மா. ராஜா காலத்து இரும்ப எங்க பாட்டன் காலத்துலயே வழிச்சி எடுத்துட்டாங்க" என்றார். சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

பாய் கொடுத்த வாக்கு

அன்றைக்கு அந்த என்ஜினைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குப் பல்சக்கரம் மறந்துபோயிற்று. ஒற்றை சிலிண்டர் குருடாயில் என்ஜின், டீசல் மாதிரி எண்ணெயில் ஓடுவது. இரண்டு பக்கமும் மாட்டுவண்டிச் சக்கரத்தில் பாதி உயரத்துக்கு இரும்புச் சக்கரங்கள். பச்சை வண்ணம் இன்னும் போகவில்லை.

"இன்னா பாய், முழு என்ஜினப் போயி ஒடைக்கிறீங்க?"

"ஒடைக்கணும் நயினாரே. வாக்கு குடுத்துட்டேன்."

எங்கள் ஜனத்தை நயினார் என்றுதான் அந்தப் பக்கத்தில் கூப்பிடுவார்கள். பாய் தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வல்லத்துப் பக்கம் ஒரு ஊர்லேர்ந்து வந்தது. வாங்குனவரு அதுலயே மாட்டி செத்துட்டாரு. அவரு சம்சாரம் விக்கும்போது ஒண்ணுதான் கேட்டுச்சி. 'ஒடச்சி வித்துடு பாய், முழுசா யார் ஊட்டுக்கும் அனுப்பிடாத'ன்னுச்சி. சரிம்மான்னேன்."

என் வீட்டுக்காரர் கையை என்ஜினிலிருந்து எடுத்துவிட்டார். திரும்பிப் போய்த் தன் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். "வா பத்மா, போலாம்" என்றார்.

எனக்குக் கால் வரவில்லை. தோள்பட்டை எரிந்தது. "அவங்களையே கேட்டுப் பாத்தா?" என்றேன்.

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாக்கு குடுத்தவன் நானு. நான் போயி கேக்க முடியாது. ஆம்பளைங்க கேட்டாலும் நல்லா இருக்காது. நீ வேணா போம்மா. நாலு நாளு நான் தொடாம வெக்கிறேன்."

கன்னியம்மா

மறுநாள் வெயில் ஏறுவதற்குள், பாய் அடையாளம் சொன்ன அந்த ஊருக்கு நடந்தே போனேன். ஒரு களத்தில் பத்துப் பெண்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். பாய் சொல்லி அனுப்பின பெயரை நான் சொன்னதும் எல்லோரும் ஒருத்தியைப் பார்த்தார்கள். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. பெயர் கன்னியம்மா.

வந்த காரியத்தைச் சொன்னேன். மாடு செத்தது, நாற்று நிற்பது, என் வீட்டுக்காரருக்கு வேலை தெரியும் என்பது, எல்லாம். அவள் கை நிற்கவில்லை. ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வாணாம்மா," என்றாள் கடைசியில். "மாடு வேற வாங்கிக்கலாம்."

"சரிக்கா" என்று எழுந்தேன். புடவையில் ஒட்டின மல்லாட்டைத் தோலைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் தானாகவே பேச ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் உடைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"கஞ்சி எடுத்துக்னு வரப்புல வந்துக்னு இருக்கேன். தோள்ல இருந்த துண்டு பெல்ட்டுல மாட்டி அவர இழுத்துக்னு போவுது. ஓடியாந்தேன். எதப் புடிச்சா அது நிக்கும்னு எனக்குத் தெரியல. எங்கெங்கியோ தட்டுனேன். மண்ண வாரிப் போட்டேன். கஞ்சியத் தூக்கி ஊத்துனேன். அது பாட்டுக்கு ஓடுது. அவரு என்னயே பாத்துக்னு இருந்தாரு. சொல்ல வாய் வரல அவருக்கு. அப்பறம் பக்கத்துக் கொல்லிலேர்ந்து ஒருத்தன் ஓடியாந்து எதயோ தூக்குனான். நின்னுபோச்சி."

நான் மறுபடி உட்கார்ந்தேன். அவள் முறத்தை எடுத்து இரண்டு தடவை புடைத்தாள். பருப்பு ஒரு பக்கம் போயிற்று, தோல் பறந்தது.

"ஒனக்குத் தெரியுமா?" என்று திடீரென்று கேட்டாள்.

"என்னது?"

"அத எப்டி நிறுத்தறதுன்னு."

"தெரியாதுக்கா."

"ஒன் ஊட்டுக்காரருக்கு என்ஜின் வேல தெரியும்ன. ஒனக்குக் கத்துக் குடுத்தாரா?"

"எங்க வீட்டுல என்ஜினே இல்லியேக்கா."

"அவருக்கும் நல்லாத்தான் தெரியும்," என்றாள். யாரைச் சொல்கிறாள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "எனக்குக் காட்டணும்னு அவருக்குத் தோணல. கேக்கணும்னு எனக்குத் தோணல."

அப்புறம் முறத்தைக் கீழே வைத்தாள். "எடுத்துக்னு போ. ஆனா மொதல்ல நீ நிறுத்தக் கத்துக்கணும். அப்பறந்தான் தண்ணி. நான் வந்து பாப்பேன். ஒனக்குத் தெரியலன்னா அங்கயே ஒடச்சிட்டுதான் போவேன்."

மண்ணெண்ணெயில் ஒன்பது நாள்

இடத்து மாடு மேல்சித்தாமூருக்கு, என் அண்ணன் வீட்டுக்கு விலைக்குப் போயிற்று. அங்கே அதற்கு ஒரு ஜோடி இருந்தது. அந்தத் தொகைக்கு என்ஜின் வந்தது. வைக்கோல் மெத்தை போட்டு, கோணிப்பை மூடி, கடன் வாங்கின மாட்டுவண்டியில் வந்து இறங்கிற்று.

கன்னியம்மா சொன்னதை நான் சொன்னபோது என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் இன்னா சாவப்போறேன்னு நெனச்சிக்னியா? பொம்பள வந்து என்ஜின நிறுத்துவாளா? ஊர்ல சிரிப்பாங்க" என்றார். அத்தை தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தார். துணியைப் பிழிந்தபடியே, "அந்தப் பொண்ணு கேட்டது ஞாயம்டா. சிரிக்கறவன் வந்து நிறுத்த மாட்டான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அத்தைக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. "கெணத்துல மீன் குஞ்சு இருக்குது, தவள இருக்குது. அதெல்லாம் குழாயில போயி நசுங்கிச்சின்னா அந்தத் தண்ணில வெளஞ்ச நெல்ல நான் தொட மாட்டேன்."

முதலில் என்ஜின் அசைய வேண்டுமே. மாதக்கணக்கில் மழையில் கிடந்து உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிட்டிருந்தது. ரேஷன் மண்ணெண்ணெயை ஊற்றி ஊற வைத்தார். தினம் காலையில் புளியங்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டுவார். அசையாது. மறுபடி மண்ணெண்ணெய். வீட்டில் விளக்கு ஏற்ற எண்ணெய் இல்லை. அதனால் பெரிய கஷ்டம் ஒன்றும் வரவில்லை. அந்தி சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு எங்களுடையது. ஒன்பதாம் நாள் தட்டும்போது அவர் கையை அப்படியே நிறுத்தினார். என்னைக் கூப்பிட்டு, "இங்க விரல வையி" என்றார். அவர் தட்ட, என் விரலின் கீழே ஒரு நூல் அளவு நகர்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போதுதான் இரண்டு வருஷம்.

அதற்குப் பிறகு மூன்று தடவை பாய் கடைக்குப் போனோம். பம்பு வேறொரு கிணற்றில் பழசாகி வந்தது. குழாயை மூன்று துண்டாக நானே குவியலுக்குள் இறங்கி எடுத்தேன். பெல்ட்டு அவர் வேலை பார்த்த ரைஸ் மில்லில் கழித்துப்போட்டது. குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்ளும் சாமானை, ஃபுட் வால்வை, எங்கள் பக்கத்தில் புட்பால் என்பார்கள். கிணற்றுக்குள் ஏதோ பந்து கிடக்கிறது என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அதைச் சுற்றி, மில்லில் அரிசி சலிக்கிற பழைய சல்லடைத் தகட்டைக் கூண்டு மாதிரி வளைத்துக் கட்டினோம். அத்தை தன் கையால் ஒவ்வொரு ஓட்டையிலும் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பார்த்து, "சரி, மீன் குஞ்சு போவாது" என்றார்.

பெல்ட்டுக்குக் காப்பு போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவரே ஒரு உடைந்த இரும்புக் கட்டிலையும் பஸ் மேலே சாமான் வைக்கிற கம்பியையும் சேர்த்து வேலி மாதிரி செய்து பெல்ட்டைச் சுற்றி நட்டார். செய்து முடித்த அன்றைக்கு அவரிடமிருந்த ஒரே அரைக்கால் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். துண்டை வேப்பங்கிளையில் மாட்டிவிட்டுத்தான் கிணற்றடிக்கு வந்தார்.

ஒரு பிடி

எண்ணெய் பம்பின் பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிடி. அதைத் தூக்கிப் பிடித்தால் எண்ணெய் போவது நின்றுவிடும். அவ்வளவுதான். ஆனால் என்ஜின் ஓடும்போது அதன் பக்கத்தில் போவது வேறு. தரை உதறும், காது அடைக்கும், சூடு முகத்தில் அடிக்கும். இரண்டு சக்கரமும் நம்மை நோக்கியே வருகிற மாதிரி இருக்கும். முதல் நாள் நான் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டேன்.

"சக்கரத்தப் பாக்காத. பிடிய மட்டும் பாரு," என்றார். "அங்க வேற எதுவுமே இல்லன்னு நெனச்சிக்க."

மூன்றாம் தடவை கை போயிற்று. பிறகு அவருக்கு அதில் ஒரு வேடிக்கை வந்துவிட்டது. நான் எதிர்பார்க்காத நேரத்தில் "பத்மா, நிறுத்து!" என்று கத்துவார். ஒருநாள் பாதி ஜடை பின்னியிருக்கும்போது கத்தினார். மறுபாதி தலை விரிந்தபடி வரப்பில் ஓடினேன். வழியில் ஒரு முள் ஏறிற்று. நிறுத்திவிட்டுத்தான் முள்ளை எடுத்தேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து என் காலைப் பார்த்தார்.

தண்ணீர் வந்தது. நாற்று பிடுங்கினோம், நட்டோம். கரண்ட் வரும் வரைக்கும் எங்கள் கொல்லைக்கு அந்த என்ஜின்தான். எத்தனை வருஷம் என்று எண்ணவில்லை. அத்தனை நாளிலும் எனக்கு நன்றாக நினைவிருப்பது கன்னியம்மா வந்த நாள்.

அவள் வந்தாள்

நடவு முடிந்து பத்து நாள் இருக்கும். பிற்பகல். நான் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். தூரத்து வரப்பில் ஒரு பெண் நின்றிருந்தாள். வெகுநேரமாக நின்றிருக்க வேண்டும். காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கிணற்றடிக்கு வந்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து ஒதுங்கி நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பெல்ட்டைச் சுற்றின வேலியைப் பார்த்தாள். கிளையில் தொங்கின துண்டைப் பார்த்தாள்.

"நிறுத்து, பாக்கலாம்" என்றாள் என்னிடம்.

போய்ப் பிடியைத் தூக்கினேன். நின்றது.

"மறுபடி ஓட்டச் சொல்லு."

அவர் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். பிடித்துக்கொண்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"எனக்குக் காட்டு."

நான் காட்டினேன். அவள் கை பிடியை நோக்கிப் போயிற்று. ஒரு தடவை பின்னுக்கு வந்தது. நான் அதைப் பிடிக்கவில்லை. அவளே போய் இரண்டு விரலால் பிடியைத் தூக்கினாள்.

என்ஜின் நான்கைந்து தடவை முக்கியது. சக்கரம் தளர்ந்தது. குழாய் வாயில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. கடைசியாக ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சக்கரம் ஓய்ந்ததும் வயலில் தவளை கத்துவது கேட்டது. அதற்கு முன்னால் அது கத்திக்கொண்டிருந்ததே தெரியவில்லை.

கன்னியம்மா கையை எடுக்கவில்லை. பிடியைத் தூக்கினபடியே நின்றாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா தங்கச்சி?"

அப்படியே வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதபோது சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் அசைந்தது. என் வீட்டுக்காரர் கிணற்றுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வெகுநேரம் கழித்து வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டாள். செருகியிருந்த முந்தானையை எடுத்துத் துடைத்தாள். எதிரே நட்ட வயலைப் பார்த்தாள். தண்ணீர் பாதி வயல் வரைக்கும்தான் போயிருந்தது.

"ஓட்டுங்க," என்றாள், முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பி. "பயிரு காயுது."